லைன் ஆஃப் ஆனாலும் எர்த் போடணும்

அப்பாவின் மாத்திரை டப்பாவில் 22 மாத்திரை கூடுதலாக இருந்தது. அம்மாதான் கண்டுபிடித்தார். மாதக் கடைசியில் புது அட்டை வாங்கக் கிளம்பியவர், இருப்பதை எண்ணிப் பார்த்தபோது கணக்கு இடித்திருக்கிறது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, ஆக 11 நாள். எனக்குப் போன் போட்டு, பக்கத்து அறையில் இருக்கும் அப்பாவுக்குக் கேட்காதபடி, "ரத்தம் உறையாம இருக்கப் போடுறதை அப்பா நிறுத்திட்டாரு போல இருக்கும்மா" என்றார். நான் சென்னையில் ஆபீஸில் இருந்தேன். அன்று ராத்திரியே கும்பகோணத்துக்கு ரயில் ஏறிவிட்டேன்.

இது 2024 நவம்பரில் நடந்தது. அதற்கு 5 மாதம் முன்புதான் அப்பாவுக்கு இதயத்தில் அப்லேஷன், அதாவது துடிப்பைக் கெடுக்கும் கரண்ட் வரும் வழியை அடைக்கும் சிகிச்சை, செய்திருந்தார்கள். அதற்கு 2 வருடம் முன்பு ஸ்ட்ரோக். இந்த இரண்டும் சேர்ந்த வீடுகள் இப்போது நிறைய இருக்கின்றன, எனக்கே நாலைந்து குடும்பங்களைத் தெரியும். அப்லேஷன் முடிந்ததும் "சரி பண்ணியாச்சு, இனிமேல் மாத்திரை எதற்கு" என்ற பேச்சு எல்லா வீட்டிலும் வருகிறது. அதனால் தெரிந்ததை எல்லாம் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஸ்ட்ரோக். 2022 மார்ச், விடியற்காலை. காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன அப்பாவின் வலது கையிலிருந்து அது நழுவி மடியில் கொட்டியது. சுடச்சுடக் காபி, அவர் துடைக்கக்கூட இல்லை, குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று அம்மா சொல்வார். ஏதோ கேட்டதற்குப் பதில் குழறலாக வந்தது, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. அம்மா தண்ணீர் கொடுக்கவில்லை, கை கால் தேய்த்துக்கொண்டு நிற்கவில்லை, 108-ஐக் கூப்பிட்டார். தஞ்சாவூருக்கு ஒரு மணி நேரம். ஸ்ட்ரோக் ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் போட வேண்டும், போட முடிந்தது. இன்று அப்பா தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறார் என்றால் அம்மா அன்று வீணாக்காத அந்த நேரம்தான் காரணம்.

வார்டில் மாட்டியிருந்த மானிட்டரில்தான் காரணம் தெரிந்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏஃபிப். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருப்பது. அப்படி நடுங்கும்போது ரத்தம் ஓரமாகத் தேங்கும். இடது மேலறையின் ஓரத்தில் காது மடல் மாதிரி ஒரு சின்னப் பை இருக்கிறது, அதற்குள் தேங்கி உறைந்த கட்டி ஒன்று கிளம்பி நேராக மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளும். ஏஃபிப் உள்ளவர்களுக்கு ஸ்ட்ரோக் அபாயம் மற்றவர்களைவிட 5 மடங்கு என்று அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வு 1991-லேயே சொல்லிவிட்டது. அப்பாவோ ஸ்ட்ரோக்குக்கு 2 வருடம் முன்பிருந்தே "நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் கேஸ் டிரபிள் என்றோம். ஒருமுறை ஈசிஜிகூட எடுத்தோம், நார்மல் என்று வந்தது. விட்டுவிட்டு வரும் ஏஃபிப் அந்த அரை நிமிடத்தில் வரவில்லை என்றால் ஈசிஜியில் எப்படித் தெரியும்? யாராவது அந்த நேரத்தில் மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்திருந்தால் போதும். அடி சீராக இல்லாமல் இரண்டு வேகமாக, ஒன்று தாமதமாக, ஒன்று தொட்டும் தொடாமலும் தாறுமாறாகப் போவதை டாக்டருக்குப் படிக்காதவர்களும் உணர முடியும். இப்போது அம்மா தினமும் ராத்திரி பார்க்கிறார்.

ஸ்ட்ரோக் வந்த உடனேயே ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தை ஆரம்பிக்கவில்லை. மூளையில் பாதிக்கப்பட்ட இடம் பெரிதாக இருந்தால் அங்கே ரத்தம் கசியலாம் என்று சில நாள் பொறுத்து, மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அபிக்சபான் 5 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் சித்திக்கும் ஏஃபிப் இருக்கிறது, ஆனால் அவருக்குச் சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது. அவர் போடுவது அசிட்ரோம், ரத்தம் உறையாமல் தடுக்கும் பழைய வகை மருந்து. மாதாமாதம் ஐஎன்ஆர் என்ற ரத்தம் உறையும் சோதனை பார்த்து, 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வைக்க வேண்டும். அப்பாவுக்கு அந்தத் தொல்லை இல்லை என்று பார்த்ததும் சித்தி "எனக்கும் இதையே வாங்கிக் கொடு" என்றார். கூடாது. வால்வு அப்படிச் சுருங்கியவர்களுக்குப் பழைய மருந்துதான் பாதுகாப்பு. 2022-ல் வந்த இன்விக்டஸ் என்ற ஆய்வில், ருமாட்டிக் இதய நோயுடன் ஏஃபிப் உள்ள நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில், புதிய மருந்தான ரிவரொக்சபான் எடுத்தவர்களைவிடப் பழைய வகை மருந்து எடுத்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. நம் ஊரில் ருமாட்டிக் வால்வு நோய் இன்னும் இருக்கிறது. ஒருவர் மாத்திரையைப் பார்த்து இன்னொருவர் மாற்றிக்கொள்ளாதீர்கள்.

சரி, அப்பாவுக்கு வருகிறேன். அபிக்சபான் போட்டும் படபடப்பு நிற்கவில்லை. நிற்காது, அது உறைவைத் தடுக்கும் மருந்து, துடிப்பை ஒழுங்காக்கும் மருந்து இல்லை. துடிப்புக்கு என்று அமியோடரோன் கொடுத்தார்கள், கொஞ்ச மாதத்தில் தைராய்டு கெட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிசியோவுக்குப் போய் நடை பழகிக்கொண்டிருந்தவர், படபடப்பு வரும் நாட்களில் கட்டிலைவிட்டு எழவே பயந்தார். அப்போதுதான் அப்லேஷன் பேச்சு வந்தது. இதயத்தின் மின்சாரத்துக்கு என்றே தனி டாக்டர் இருக்கிறார், எலக்ட்ரோபிசியாலஜிஸ்ட் என்று பெயர், அவரைப் பாருங்கள் என்று சென்னைக்கு அனுப்பினார்கள். அப்பா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். "இதயத்துல கரண்டா?" என்று அன்று அவர் முகத்தில் வந்த ஆர்வத்தை ஸ்ட்ரோக்குக்குப் பிறகு முதல் முறையாகப் பார்த்தேன்.

டாக்டர் தாளில் படம் போட்டுக் காட்டினார். நுரையீரலிலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் 4 குழாய்கள் இடது மேலறையில் வந்து சேர்கின்றன. ஏஃபிப்பைக் கிளப்பிவிடும் தேவையற்ற மின்பொறி பெரும்பாலும் அந்தக் குழாய்களின் வாய்க்குள்ளிருந்துதான் வருகிறது என்று 1998-ல் பிரான்சில், போர்தோ நகரத்தில், அசகேர் என்ற டாக்டரும் அவர் குழுவினரும் கண்டுபிடித்தார்கள். 45 நோயாளிகளிடம் பார்த்திருக்கிறார்கள், பொறி கிளம்பிய இடங்களில் 94 சதவீதம் அந்தக் குழாய்களுக்குள்தான். பொறியை ஒவ்வொன்றாகத் தேடி அலைவதற்குப் பதில், 4 குழாய்களின் வாயைச் சுற்றியும் சூடு வைத்துத் தழும்பு உண்டாக்கினால் அங்கிருந்து கரண்ட் மேலறைக்குள் வர முடியாது. அதுதான் அப்லேஷன். உறைய வைத்துச் செய்யும் பலூன் முறை இருக்கிறது, மின்துடிப்பால் செய்யும் புது முறையும் வந்துவிட்டது. அப்பாவுக்குச் சூடு வைக்கும் முறை.

அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். "ஏபி சுவிட்சை ஓப்பன் பண்ணி அந்த செக்‌ஷனை மட்டும் தனியாக்குற மாதிரி." கம்பத்தில் இருக்கும் ஏபி சுவிட்சைத் திறந்தால் அந்தப் பகுதி லைன் மட்டும் துண்டாகிவிடும். டாக்டர் சிரித்துவிட்டு, அதேதான் சார் என்றார்.

எனக்கு இருந்த பயம் வேறு. ஏற்கெனவே ஸ்ட்ரோக் வந்தவர், இதயத்தின் இடது பக்கத்துக்குள் கம்பியை விடும்போது இன்னொன்று வந்துவிட்டால்? நேராகவே கேட்டேன். அந்த அபாயம் இருக்கிறது, பொதுவாக 100-க்கு 1-ஐவிடக் குறைவு, முன்பு ஸ்ட்ரோக் வந்தவரிடம் இன்னும் கவனமாக இருப்போம் என்று மழுப்பாமல் சொன்னார். மேலறைப் பையில் கட்டி இருக்கிறதா என்று முதல் நாளே உணவுக்குழாய் வழியாக எக்கோ பார்ப்பார்கள், ஒரு சின்னக் கட்டி இருந்தாலும் அப்லேஷன் தள்ளிப்போகும். அபிக்சபானை நிறுத்தாமல் கொடுப்பார்கள். உள்ளே இருக்கும் நேரம் முழுக்க ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி மருந்து ஓடும், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அவ்வப்போது சோதித்து 300 விநாடிக்கு மேல் வைத்திருப்பார்கள். மற்ற ஆபத்துகளையும் சொன்னார். இதயத்தைச் சுற்றி ரத்தம் சேர்வது 100-ல் ஒருவருக்கு நேரலாம். இதயத்துக்குப் பின்னால் ஒட்டினாற்போல் இருக்கும் உணவுக்குழாயில் சூடு பட்டு ஓட்டை விழுவது மிக அரிது, ஆனால் உயிருக்கே ஆபத்து. அப்லேஷன் முடிந்து சில வாரத்துக்குள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, கை கால் பலவீனம் எது வந்தாலும் வேறு எங்கும் போகாமல் அவர்களிடமே வரச் சொன்னார். இதை நான் போனில் எழுதி வைத்துக்கொண்டேன், நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரிக் காய்ச்சலுக்கு விஷயம் தெரியாத இடத்தில் எண்டோஸ்கோப்பி செய்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும்.

அப்புறம் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட கேள்வி: இதைச் செய்தால் அடுத்த ஸ்ட்ரோக் வராதா? டாக்டர் சொன்ன பதிலை அன்று நான் முழுதாக உள்வாங்கவில்லை, பிறகு படித்துத்தான் புரிந்துகொண்டேன். 2019-ல் வெளிவந்த கபானா ஆய்வில் 2,204 பேர். பாதிப் பேருக்கு அப்லேஷன், பாதிப் பேருக்கு மருந்து. இறப்பு, முடக்கிப்போடும் ஸ்ட்ரோக், கடுமையான ரத்தக்கசிவு, இதயம் நின்றுபோவது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது அப்லேஷன் தெளிவாக ஜெயிக்கவில்லை, 8 சதவீதத்துக்கு 9.2 சதவீதம். ஏஃபிப் திரும்ப வருவது குறைந்தது, வாழ்க்கைத் தரம் கூடியது. 2020-ல் வந்த ஈஸ்ட் ஆய்வில் 2,789 பேர். ஏஃபிப் கண்டுபிடித்து ஒரு வருடத்துக்குள்ளேயே துடிப்பை ஒழுங்குபடுத்தும் சிகிச்சையை ஆரம்பித்தவர்களுக்கு இதய இறப்பும் ஸ்ட்ரோக்கும் உள்ளிட்ட கெடுதல்கள் குறைந்தன. ஏற்கெனவே ஸ்ட்ரோக் வந்திருந்த 217 பேரைத் தனியாகப் பார்த்தபோதும் பலன் அதே பக்கம்தான் சாய்ந்தது. ஆனால் அதில் பெரும்பாலோர் மருந்தில் இருந்தவர்கள், அப்லேஷன் செய்துகொண்டவர்கள் ஐந்தில் ஒருவர்தான். இரண்டு பக்கமும் ஏறக்குறைய எல்லோரும் ரத்த உறைவைத் தடுக்கும் மருந்தைத் தொடர்ந்தார்கள். துடிப்பை ஒழுங்காக்கியது அந்த மருந்துக்கு மேலே கிடைத்த பலன். அந்த மருந்துக்குப் பதிலாக இல்லை.

அப்லேஷன் நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. செலவு சில லட்சம், இன்சூரன்ஸ் கொஞ்சம் தாங்கியது. அப்பா மிகவும் பயந்தது உணவுக்குழாய் எக்கோவுக்குத்தான். ஸ்ட்ரோக் வந்த புதிதில் விழுங்க முடியாமல் மூக்கு வழியாகக் குழாய் வைத்திருந்த நாட்கள் அவருக்கு மறக்கவில்லை. சிஸ்டர் ஒருவர் அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டே, முழுங்குங்க அப்பா, இன்னொரு தடவை முழுங்குங்க என்று சொல்லிச் சொல்லி உள்ளே விட்டார்கள். கட்டி எதுவும் இல்லை. மறுநாள் மயக்க மருந்து கொடுத்து, வலது தொடை இடுக்கில் ரத்தக்குழாய் வழியாகக் கம்பிகள் போயின, வலது மேலறையிலிருந்து நடுச்சுவரில் ஊசித்துளை போட்டு இடது மேலறைக்கு. 3 மணி நேரம். வெளியே வந்ததும் காலை மடக்காமல் 6 மணி நேரம் படுக்க வைத்தார்கள். மூன்று நாள் மூச்சை இழுத்தால் நெஞ்சு வலித்தது. மூன்றாவது வாரம் படபடப்பு ஒருமுறை திரும்பி வந்தபோது நாங்கள் ஒடிந்துபோனோம். சூடு பட்ட இடம் ஆறும் முதல் 2, 3 மாதத்தில் அப்படி வருவது சகஜம், அதைத் தோல்வி என்று கணக்கு வைக்க மாட்டோம் என்றார்கள். அப்படியே அடங்கியது. செப்டம்பரில் அப்பா தெருமுனைக் கடைக்குத் தனியாக நடந்துபோய்ப் பேப்பர் வாங்கி வந்தார்.

நன்றாக இருந்ததுதான் வம்பாகிவிட்டது. படபடப்பு இல்லை, நடக்க முடிகிறது, பேச்சும் பெரும்பாலும் தெளிந்துவிட்டது. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருவது மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் "அதான் ஆபரேஷன் பண்ணியாச்சே" என்றிருக்கிறார். நிறுத்திவிட்டார்.

நான் விடியற்காலை வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எதற்கு வந்தேன் என்று தெரிந்துவிட்டது. ரயிலில் வரும்போதெல்லாம் மதிப்பெண்ணை வைத்துப் பேசுவதாகத்தான் இருந்தேன். ஏஃபிப் உள்ளவருக்கு ஸ்ட்ரோக் அபாயத்தைக் கணக்கிட ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. முன்பு ஸ்ட்ரோக் வந்திருந்தாலே 2, வயது 65-ஐத் தாண்டியதற்கு 1, பிபிக்கு 1, சுகருக்கு 1. அப்பாவுக்கு மொத்தம் 5. அப்லேஷன் செய்ததற்காக இதில் ஒன்றும் கழிக்க மாட்டார்கள். 2023-ல் வந்த அமெரிக்க வழிகாட்டு நெறிகளும் சரி, 2024-ல் வந்த ஐரோப்பிய நெறிகளும் சரி, அப்லேஷனுக்குப் பிறகு எல்லோருக்கும் முதல் 2, 3 மாதம் இந்த மருந்து கட்டாயம், அதற்கு மேல் தொடர்வதா என்பதை இந்த அபாயத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், துடிப்பு சரியாகிவிட்டதா என்பதை வைத்து இல்லை என்கின்றன. இதை எல்லாம் சொன்னேன். அப்பா பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டு, "கரண்ட் வர்ற வழியையே கட் பண்ணிட்டாங்கல்ல" என்றார்.

அப்போதுதான் அது என் வாயில் வந்தது. "ஏம்ப்பா, எல்சி வாங்கிட்டீங்க. ஏபி சுவிட்சைத் திறந்துட்டீங்க. லைன் ஆஃப். அப்புறம் எர்த் போடாம ஒரு நாளாவது ஆளைக் கம்பத்துல ஏத்தி இருக்கீங்களா?"

எல்சி என்பது லைனை நிறுத்திவிட்டு வேலை பார்க்க வாங்கும் அனுமதி. எர்த் போடுவது என்றால் ஆஃப் செய்த கம்பியைத் தரையோடு இணைத்துவைப்பது, தப்பித்தவறிக் கரண்ட் வந்தாலும் தரைக்குப் போய்விடும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பாவுடன் வேலை பார்த்த ஒருவர் எர்த் போடாமல்தான் போனார். சப்ளையை எல்லாம் சரியாகத்தான் நிறுத்தியிருந்தார்கள். எங்கோ ஒரு கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்துப் போட, ரிட்டர்ன் சப்ளை, அதாவது ஆஃப் செய்த லைனிலேயே பின்பக்கமாகக் கரண்ட், வந்துவிட்டது. எர்த் ராடு மாட்டியிருந்தால் உயிரோடு இருந்திருப்பார். அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் இதே திண்ணையில் உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

அவர் கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் உள்ளே திரும்பி அம்மாவிடம் மாத்திரையை எடுத்துவரச் சொன்னார். நான் டாக்டருக்குப் போன் செய்து, 11 நாள் விட்டுப்போனதைச் சொல்லி, வழக்கமான அளவிலேயே உடனே தொடங்கலாம், விட்டதற்காகச் சேர்த்துப் போடக் கூடாது என்று கேட்டுக்கொண்ட பிறகு கொடுத்தேன். இந்த மாத்திரையின் வேலை ஓரிரு நாளிலேயே உடம்பிலிருந்து போய்விடும், ஆக அந்த 11 நாளில் பெரும்பகுதி அப்பா எந்தக் காப்பும் இல்லாமல்தான் நடமாடியிருக்கிறார். எதுவும் ஆகவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அந்த ரிட்டர்ன் சப்ளை வெறும் பேச்சுக்குச் சொன்னதாக இல்லாமல் நிஜமாகவே வந்தது. ஒரு வருடம் முடிந்ததும், 2025 ஜூனில், 7 நாள் ஹோல்டர், அதாவது துடிப்பை விடாமல் பதிவு செய்யும் சின்னக் கருவி, மாட்டினார்கள். படபடப்பே இல்லை என்று அப்பா உறுதியாகச் சொன்ன அந்த வாரத்தில், ஒரு ராத்திரி 2 மணியிலிருந்து 6 மணி வரை ஏஃபிப் ஓடியிருக்கிறது. அவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். இது அபூர்வம் இல்லையாம். 2013-ல் ஒரு ஆய்வில் 50 பேருக்குத் தோலுக்கு அடியில் பதிவுக் கருவி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அப்லேஷனுக்கு முன்பு, உணர்ந்து தெரிந்த ஏஃபிப்பும் தெரியாமல் வந்த ஏஃபிப்பும் ஏறக்குறைய சமம். அப்லேஷனுக்குப் பிறகு ஏஃபிப் மொத்தமாகவே வெகுவாகக் குறைந்தது, ஆனால் மிச்சம் வந்ததில் உணர்ந்தது ஒன்று என்றால் உணராதது மூன்றரைக்கும் மேல். "எனக்கு ஒண்ணும் தெரியலையே, நல்லாத்தானே இருக்கேன்" என்பதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

அதே வருடம் என் அண்ணன் ஒரு செய்தியை ஃபார்வேர்ட் செய்தான். கொரியாவில் 840 பேரிடம், அப்லேஷன் முடிந்து குறைந்தது ஒரு வருடம் ஏஃபிப் திரும்பாதவர்களிடம், இந்த மருந்தை ஏறக்குறைய பாதிப் பேருக்கு நிறுத்திப் பார்த்ததில், நிறுத்தியவர்களுக்குத்தான் கெடுதல் குறைவாக இருந்தது, முக்கியமாக ரத்தக்கசிவு குறைந்ததால். நல்ல ஆய்வுதான், குறைந்த அபாயம் உள்ளவர்களுக்கு நல்ல செய்தியும்கூட. ஆனால் அதில் இருந்தவர்களின் சராசரி மதிப்பெண் 2-ஐ ஒட்டித்தான். ஸ்ட்ரோக் வந்தவருக்கு வேறு எதுவுமே இல்லாவிட்டாலும் ஆரம்பமே 2. அப்பாவுக்கு 5. அதோடு ஹோல்டரில் ஏஃபிப் திரும்ப வந்ததும் பதிவாகிவிட்டது. அந்த 840 பேரில் அப்பா சேர மாட்டார் என்று அண்ணனுக்கு விளக்கினேன், அவனும் டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டான்.

இப்போது வீட்டில் ஒரு வழக்கம். அம்மா ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்திலும் பால்பாயிண்ட் பேனாவால் தேதி எழுதிவிடுகிறார், மாத்திரைக்கு மேல் சின்னதாக 12 கா, 12 இ என்று. ஊருக்குப் போனால் 3 நாள் மாத்திரை கூடுதலாகப் பையில். கடையில் அந்த மருந்து இல்லை, வேறு தருகிறேன் என்றால் வாங்குவதில்லை. முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகளைத் தொடுவதில்லை, ரத்தக்கசிவு கூடும்.

போன மாதம் கடைவாய்ப் பல் ஒன்று எடுக்க வேண்டியிருந்தது. பல் டாக்டர் 5 நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள் என்றார். முன்பு என்றால் சரி என்று வந்திருப்போம். அப்பாவே என் முகத்தைப் பார்க்காமல், "எங்க ஹார்ட் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்றார். ஒரே ஒரு பல்தான் என்பதால், அன்று காலை மாத்திரையை மட்டும் விட்டுவிட்டு, ரத்தம் நன்றாக நின்றதும் இரவு மாத்திரையை வழக்கப்படி போடச் சொன்னார்கள். பல்லை எடுத்துவிட்டு அரை மணி நேரம் பஞ்சைக் கடித்துக்கொண்டு கிளினிக் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ராத்திரி 8 மணிக்கு, நான் எடுத்துக் கொடுப்பதற்கு முன்பே, ஆறிய பாலோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அட்டையைத் திருப்பி அம்மா எழுதிய தேதியை ஒருமுறை பார்த்துவிட்டு வைத்தார்.